ஹூனானில் பால்புதுமையரின் (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலியோரின்) சட்ட உரிமைகள்: மாகாணத்தின் கையில் என்ன இருக்கிறது?

தேன்மொழி எழுதியது:

சீனாவின் ஹூனான் மாகாணத் தலைநகரான சாங்ஷாவில், 2015 ஜூன் 23 அன்று, சுன் வென்லின் என்ற இளைஞரும் அவருடைய இணையர் ஹூ மிங்லியாங்கும் தங்கள் திருமணத்தைப் பதிவு செய்வதற்காக ஃபூரோங் மாவட்டக் குடிமை விவகார அலுவலகத்துக்குச் சென்றார்கள். இருவரும் ஆண்கள் என்பதால் பதிவு செய்ய இயலாது என்று அலுவலர் திருப்பி அனுப்பிவிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் சுன் வென்லின் அந்த அலுவலகத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 2016 ஜனவரியில் மாவட்ட நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் ஏற்றுக்கொண்டது. ஏப்ரல் 13 அன்று விசாரணை நடந்தது. சில மணி நேரத்துக்குள், அன்றைக்கே, வழக்குத் தள்ளுபடியும் ஆனது. நீதிமன்ற வாசலில் நூற்றுக்கணக்கான ஆதரவாளர்கள் காத்திருந்தார்கள் என்று அன்றைய செய்திகள் கூறின.

சுன் வென்லின் முன்வைத்த வாதம் எனக்குச் சுவையாகப்பட்டது. அன்று நடப்பிலிருந்த திருமணச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு 'ஒரு கணவன், ஒரு மனைவி' என்ற முறையைக் கூறுகிறதே தவிர, கணவன் ஆணாகத்தான் இருக்க வேண்டும், மனைவி பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்பிரிவு வரையறுக்கவில்லை என்றார் அவர். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

என் கேள்வி இதுதான். இந்த விவகாரத்தில் ஹூனான் மாகாணம் தானாக ஏதேனும் செய்திருக்க முடியுமா, அல்லது எல்லாமே பெய்ஜிங்கில் முடிவாகிவிடுகிறதா? சட்டம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பொருநைக்கரையான் எழுதியது:

எழுத்தில் உள்ள சட்டத்தைப் பொறுத்தவரை மாகாணத்தின் கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 'சட்டமியற்றல் சட்டம்' குற்றமும் தண்டனையும், குடிமை உறவுகளின் அடிப்படை அமைப்பும் சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் பேரவைக்கும் அதன் நிலைக்குழுவுக்கும் மட்டுமே உரியவை என்று ஒதுக்கிவைத்திருக்கிறது. மாகாண மக்கள் பேரவை உள்ளூர் ஒழுங்குவிதிகளை இயற்றலாம். ஆனால் யார் யாரை மணக்கலாம் என்பதில் அது கைவைக்க முடியாது. இந்தியாவில் திருமணம் பொதுப் பட்டியலில் இருப்பதால்தான், 1967இல் தமிழ்நாடு சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்க முடிந்தது. ஹூனானில் அப்படியொரு திருத்தத்தைக் கற்பனைகூடச் செய்ய இயலாது.

ஆகவே ஹூனானில் நடப்பிலிருப்பது நாடு முழுவதுக்குமான சட்டமே. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்தில் 'ரவுடித்தனம்' என்று பொருள்படும் 160ஆம் பிரிவு ஒன்று இருந்தது. தன்பாலீர்ப்பு என்ற சொல் அதில் இல்லாவிட்டாலும், தன்பாலீர்ப்பு ஆண்களைத் தண்டிக்க அதுவே போதுமானதாக இருந்தது. 1997இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பிரிவு மறைந்துவிட்டது. தன்பாலீர்ப்பை நீதிமன்றம் விடுவிக்கவில்லை, பேரவை விவாதிக்கவும் இல்லை. ஒரு பிரிவு நீங்கியதால் குற்றமும் நீங்கியது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2001இல், சீன உளநோய் மருத்துவர்களின் வகைப்பாட்டுப் பட்டியலிலிருந்தும் தன்பாலீர்ப்பு நீக்கப்பட்டது.

2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள குடிமைச் சட்டத் தொகுப்பின் 1046ஆம் பிரிவு, ஆணும் பெண்ணுமாகிய இருவரும் தம் முழு விருப்பத்துடன் மணந்துகொள்ள வேண்டும் என்கிறது. பழைய சட்டத்திலும் ஐந்தாம் பிரிவில் இதே சொற்கள் இருந்தன. சுன் வென்லின் இரண்டாம் பிரிவை எடுத்துக்கொண்டு திறமையாகவே வாதிட்டார். ஆனால் ஐந்தாம் பிரிவு அவருக்குக் குறுக்கே நின்றது.

அலைமகள் எழுதியது:

பொருநைக்கரையான் அவர்கள் கூறியதில் பிழையில்லை. ஆயினும் 'மாகாணத்தின் கையில் ஒன்றுமில்லை' என்ற முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. சட்டம் ஒரு சொல்லும் பேசாத இடத்தில் அலுவலரின் மேசைதான் சட்டமாகிறது. அந்த மேசை மாகாணத்தில் இருக்கிறது.

சாங்ஷாவையே எடுத்துக்கொள்வோம். 2013 மே 17 அன்று அங்கே ஏறத்தாழ நூறு பேர் வானவில் கொடிகளுடன் ஊர்வலம் போனார்கள். அதை ஒருங்கிணைத்த பத்தொன்பது வயது இளைஞரைக் காவல்துறை 12 நாள் தடுப்புக் காவலில் வைத்தது. அனுமதியின்றி ஊர்வலம் நடத்தினார் என்பதே காரணமாகக் கூறப்பட்டது. 1989ஆம் ஆண்டின் கூட்டம், ஊர்வலம், ஆர்ப்பாட்டச் சட்டத்தின்படி முன்அனுமதி கட்டாயம். பின்னர் அதே இளைஞர், தன்பாலீர்ப்பாளர்களுக்கான அமைப்பு ஒன்றைப் பதிவு செய்து தருமாறு மாகாணக் குடிமை விவகாரத் துறையிடம் விண்ணப்பித்தார். தன்பாலீர்ப்புக்குச் சீனப் பண்பாட்டு மரபிலும் 'ஆன்மிக நாகரிகத்தைக் கட்டியெழுப்பும்' பணியிலும் இடமில்லை என்ற பொருளில் துறை எழுத்து மூலம் பதிலளித்து மறுத்தது. 2014இல் அவர் தொடுத்த வழக்கையும் நீதிமன்றம் நிராகரித்தது.

இந்த மறுப்புக்கு எந்தத் தேசியச் சட்டமும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தன்பாலீர்ப்பாளர்கள் சங்கம் அமைக்கக் கூடாது என்று பெய்ஜிங்கில் ஒரு வரியும் எழுதிவைக்கப்படவில்லை. அது மாகாணத் துறையின் முடிவு.

எனக்கு நெடுநாளாக ஒரு வியப்பு உண்டு. சட்டத்தையே மாற்றாமல் கொடுக்க முடியாத திருமண உரிமையைக் கேட்டவருக்குத் திறந்த நீதிமன்றத்தில் வாதிட வாய்ப்புக் கிடைத்தது. எதையும் மாற்றாமலே கொடுத்திருக்கக்கூடிய சங்கப் பதிவைக் கேட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. திருமண வழக்கில் தோற்ற இருவரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சங்கம் பதிவாகிவிட்டால் அது நாளைக்கும் இருக்கும், அடுத்த ஆண்டும் இருக்கும். அஞ்சப்பட்டது உறவு அல்ல, அமைப்பு என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

பொருநைக்கரையான் எழுதியது:

அலைமகள் அவர்களின் கருத்தில் ஒரு சிறு திருத்தம். 2014க்கும் 2016க்கும் இடையில் சட்டமும் மாறியது. அரசு அலுவலகங்கள்மீது தொடுக்கும் வழக்குகளுக்கான நிருவாக வழக்குச் சட்டம் திருத்தப்பட்டு 2015 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில், வடிவத்தில் குறையில்லாத வழக்கைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்ற புதிய முறையும் நீதிமன்றங்களில் வந்தது. அதற்கு முன்பு, தொல்லை தரும் வழக்குகளை ஆரம்பத்திலேயே 'ஆராய்ந்து' வாசலில் நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. சுன் வென்லின் வழக்குக் கோப்பில் ஏறியதற்கு அந்தச் சீர்திருத்தத்தையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம். ஆனால் சங்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னது பொதுவாகப் பொருந்துகிறது. பெய்ஜிங்கிலும் ஷாங்ஹாயிலும் பின்னாளில் மூடப்பட்டவை அமைப்புகள்தாம்: 2020இல் ஷாங்ஹாய் பெருமித விழா நிறுத்தப்பட்டது, 2023 மே மாதத்தில் பெய்ஜிங் பால்புதுமையர் மையம் மூடப்பட்டது. தனிமனிதர்கள் சேர்ந்து வாழ்வதை யாரும் தடுக்கவில்லை.

முத்துவேல் எழுதியது:

இந்த இழையில் ஊர்வலமும் வழக்கும் பெரிதாகப் பேசப்படுகின்றன. சாங்ஷாவில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்து வாழும் ஓர் இணையருக்கு வேண்டியது வேறு. ஒருவர் மயங்கி விழுந்தால் மருத்துவமனையில் யார் கையெழுத்திடுவது, வீடு யார் பெயரில் நிற்பது, ஒருவர் இறந்த பிறகு மற்றவரைத் தெருவில் நிறுத்தாமல் காப்பது எப்படி என்பவைதாம் அவர்களின் கவலைகள். இவற்றுக்கு வழியில்லாமலும் இல்லை. 2017 அக்டோபர் முதல், முழு மனத்தெளிவுள்ள வயதுவந்தோர் எவரும் தாமே முடிவெடுக்கும் செயல்திறன் தமக்கு நாளை குறைந்தால் யார் காப்பாளராக இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்து மூலம் நியமித்துக்கொள்ளலாம். இன்றைய குடிமைச் சட்டத் தொகுப்பில் அது 33ஆம் பிரிவு. காப்பாளர் உறவினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஷாங்ஹாயிலும் நாஞ்சிங்கிலும் உள்ள நோட்டரி அலுவலகங்கள் தன்பாலீர்ப்பு இணையர்களுக்கு இத்தகைய ஆவணங்களைச் செய்து தந்திருக்கின்றன.

தன்பாலீர்ப்பு குறித்த சீன அரசின் நிலையை 'ஆதரிப்பதில்லை, எதிர்ப்பதில்லை, ஊக்குவிப்பதில்லை' என்று மூன்று இல்லைகளாகச் சொல்வார்கள். அந்த இரண்டாவது இல்லையைக் குறைவாக மதிப்பிட வேண்டாம் என்பது என் கருத்து. உலகில் இன்றும் சிறைக்கு அனுப்பும் நாடுகள் இருக்கின்றன.

அலைமகள் எழுதியது:

முத்துவேல் ஐயா, சிறை இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'எதிர்ப்பதில்லை' என்பதன் விலையை யார் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டு இடங்களைக் காட்டுகிறேன்.

முதலாவது குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். 2015 டிசம்பரில் நிறைவேறி 2016 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. குடும்ப உறுப்பினர் அல்லாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் அது பொருந்தும் என்று 37ஆம் பிரிவு கூறுகிறது. படித்தவுடன் ஒரே பாலின இணையர்களும் அதில் அடங்குவார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் சட்டம் நிறைவேறிய வேளையில் செய்தியாளர்களைச் சந்தித்த பேரவை அதிகாரி ஒருவர், தன்பாலீர்ப்பாளர்களிடையே இத்தகைய வன்முறை இதுவரை கண்டறியப்படவில்லை, எனவே அவர்கள் இதில் அடங்கமாட்டார்கள் என்றார். கண்டறியப்படவில்லை என்றால், யார் தேடினார்கள்?

இரண்டாவது, தன்பாலீர்ப்பு ஆண்களை அறியாமல் மணந்த பெண்களின் நிலை. சீன மொழியில் இவர்களுக்கெனவே 'தோங்சி' என்று ஒரு சொல் உண்டு. மணமுறிவின்போது, கணவன் வேறொருவருடன் சேர்ந்து வாழ்ந்தான் என்று நிறுவினால் மனைவி இழப்பீடு கேட்கலாம். ஆனால் அந்த 'வேறொருவர்' எதிர்ப்பாலினத்தவர் என்றே உச்ச மக்கள் நீதிமன்றத்தின் விளக்கவுரை வரையறுக்கிறது. கணவன் மற்றோர் ஆணுடன் வாழ்ந்தால் சட்டத்தின் கண்ணில் அங்கே எதுவும் நடக்கவில்லை. ஆணுக்கு உரிமை இல்லை என்று தொடங்கிய மௌனம், மனைவிக்கு இழப்பீடு இல்லை என்பதில் போய் முடிகிறது. 2021இல் வந்த குடிமைச் சட்டத் தொகுப்பின் 1091ஆம் பிரிவில் 'வேறு பெருந்தவறு' என்ற சொற்கள் சேர்க்கப்பட்டதால் இப்போது ஓர் இடுக்கு திறந்திருக்கிறது. அதையும் திறப்பதா மூடுவதா என்பது அந்தந்த நீதிபதியைப் பொறுத்தது.

நிலவன் எழுதியது:

சில ஆண்டுகள் குவாங்தோங் மாகாணத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்லைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. சீன மொழியில் தன்பாலீர்ப்பாளர்கள் தங்களை 'தோங்ஷி' என்று அழைத்துக்கொள்கிறார்கள். அதன் நேர்ப்பொருள் 'தோழர்'. கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் விளித்த அதே சொல். நம் ஊர்க் கட்சி மேடைகளில் 'தோழர்களே' என்று கேட்டு வளர்ந்த எனக்கு அது புரிந்த நாளில் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது.

இனி விவகாரத்துக்கு வருகிறேன். ஹூனானில் ஓர் ஆணை அவருடைய குடும்பத்தினரே கட்டாயமாக மனநல மருத்துவமனையில் சேர்த்து, தன்பாலீர்ப்பை 'மாற்ற' முயன்ற வழக்கு ஒன்று உண்டல்லவா? அதில் நீதிமன்றம் நோயாளியின் பக்கம் தீர்ப்பளித்ததாக நினைவு. அதையும் மாகாணத்தின் கணக்கில் எழுத வேண்டும்.

தேன்மொழி எழுதியது:

நிலவன், அது ஹூனான் அன்று, ஹெனான். 'ஹூ' ஏரிக்குத் தெற்கே உள்ளது ஹூனான். 'ஹெ' ஆற்றுக்குத் தெற்கே உள்ளது ஹெனான். இரண்டுக்கும் நடுவே ஹூபெய் மாகாணமே கிடக்கிறது. நீங்கள் குறிப்பிடுவது ஹெனானின் ஷூமாதியான் நகர வழக்கு. 2015இல் மனைவியும் உறவினரும் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். 19 நாள் அடைத்துவைத்து மாத்திரையும் ஊசியும் கொடுத்தார்கள். 2017இல் மருத்துவமனை மன்னிப்புக் கேட்டு 5,000 யுவான் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது.

அந்தத் தீர்ப்பை நான் பாராட்டத் தயங்குகிறேன். 2013இல் வந்த மனநலச் சட்டம், தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்காதவரை விருப்பமின்றி அடைத்துவைப்பதைத் தடுக்கிறது. அவர் வென்றது அதன் அடிப்படையில்தான். விருப்பத்துடன் வந்திருந்தால் அதே 'சிகிச்சை' தவறா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் விடையில்லை. 2014இல் பெய்ஜிங்கின் ஹைதியான் மாவட்ட நீதிமன்றம் ஒன்றுதான், தன்பாலீர்ப்பு நோயன்று என்பதைச் சுட்டி, மின்னதிர்ச்சி கொடுத்த நிலையத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அண்மையில், 2024இல், ஹெபெய் மாகாணத்தில் 97 நாள் அடைத்துவைக்கப்பட்டு ஏழு முறை மின்னதிர்ச்சிக்கு உள்ளான ஒரு திருநங்கைக்கு 60,000 யுவான் இழப்பீடு கிடைத்திருக்கிறது. தொகை ஏறியிருக்கிறது, இவ்வகைச் சிகிச்சையைத் தடைசெய்யும் சட்டம் இன்னும் வரவில்லை.

யாழிசை எழுதியது:

திருநர் பற்றி இதுவரை யாரும் விரிவாகப் பேசாததால் எழுதுகிறேன். நான் திருநம்பி; ஆவணங்களை மாற்ற அலைந்த அனுபவம் இருப்பதால் இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் கூர்ந்து படித்தேன்.

சீனாவில் பாலினத்தை ஆவணத்தில் மாற்ற முடியும். ஹூனானிலும் முடியும். ஆனால் அறுவை சிகிச்சை முடித்திருக்க வேண்டும். உயர்நிலை மருத்துவமனையின் சான்றும் அதற்கு நோட்டரி உறுதியோ தடயவியல் மருத்துவ உறுதியோ இணைத்து, குடும்பப் பதிவேட்டை வைத்திருக்கும் காவல் நிலையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நெருங்கிய உறவினருக்குத் தெரிவித்துவிட்டதற்கான சான்று வேண்டும். வயதுவந்த மனிதர் தன் உடலைப் பற்றி எடுக்கும் முடிவுக்கு, தன்னை வீட்டைவிட்டு விரட்டிய பெற்றோரிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இதன் பொருள். குறைந்தபட்ச வயது 20ஆக இருந்தது. 2022இல் 18ஆகக் குறைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான அலைச்சல் தொடங்குகிறது. சீன அடையாள எண்ணில் 18 இலக்கங்கள். பதினேழாவது இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பாலினம் மாறினால் எண்ணே மாறிவிடுகிறது. வங்கிக் கணக்கு, காப்பீடு, ஓய்வூதியக் கணக்கு, கைப்பேசி எண் எல்லாம் பழைய எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். பட்டச் சான்றிதழை மாற்றித் தரப் பல்கலைக்கழகங்கள் தயங்குகின்றன. மாற்றாவிட்டால் வேலைக்குப் போகும் ஒவ்வோர் இடத்திலும் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதுதான். ஆவணம் மாறியவருக்கு ஒன்று மட்டும் எளிதாகக் கிடைக்கிறது. புதிய பாலினத்தின்படி எதிர்ப்பாலினத்தவரை மணந்து பதிவு செய்துகொள்ளலாம். அலுவலர் கேள்வி கேட்க மாட்டார். சுன் வென்லினுக்குக் கிடைக்காத அந்தச் சிவப்புப் புத்தகம், அதாவது திருமணச் சான்று, திருநருக்குக் கிடைக்கும். ஒரே நாட்டில், ஒரே அலுவலகத்தில்.

வேலை உரிமையைப் பொறுத்தவரை, ஹூனானுக்கு மேற்கே உள்ள குய்சோ மாகாணத்து வழக்கைப் படிக்க வேண்டும். குய்யாங் நகரில் ஒரு திருநம்பியை, ஆணுடை அணிந்து வந்தார் என்று ஒரு வாரத்தில் வேலையைவிட்டு அனுப்பினார்கள். முதலில் முறையற்ற பணிநீக்கம் என்று மட்டும் இழப்பீடு கிடைத்தது. அவர் விடவில்லை. 2017இல் இரண்டாவது வழக்கில், பாலின அடையாளத்தின் பேரில் தொழிலாளியை வேறுபடுத்தி நடத்தக் கூடாது என்ற கருத்தை நீதிமன்றம் எழுத்தில் பதிவு செய்தது. வேலைவாய்ப்பு ஊக்குவிப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு இனம், மரபினம், பால், மத நம்பிக்கை என்ற நான்கை மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பாலின அடையாளம் அங்கே இல்லாதபோதும், தனிமனித மாண்பைக் காக்கும் பொது உரிமையின் வழியாக அந்த நீதிமன்றம் அந்த இடத்தை அடைந்தது. ஆனால் முன்தீர்ப்பு பிற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் முறை சீனாவில் இல்லை. குய்யாங் தீர்ப்பை எடுத்துக்கொண்டு சாங்ஷாவுக்குப் போனால், அதை நீதிபதி படிக்கலாம், பின்பற்ற வேண்டியதில்லை.

முத்துவேல் எழுதியது:

யாழிசை அவர்களுக்கு நன்றி. அடையாள எண் பற்றிய செய்தி எனக்குப் புதியது. 'எதிர்ப்பதில்லை' என்று நான் எழுதியதை இனி கொஞ்சம் தயக்கத்துடனே எழுதுவேன். ஆனால் காப்பாளர் ஏற்பாட்டைப் பற்றி நான் சொன்னது இன்னும் நிற்கிறது என்றே எண்ணுகிறேன். காப்பாளர் ஆவணம், உயில், இரண்டையும் சேர்த்தால் திருமணத்தின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடுமே?

பொருநைக்கரையான் எழுதியது:

வந்துவிடாது. காப்பாளர் ஏற்பாடு உயிர்பெறுவது, நியமித்தவர் செயல்திறனை முழுவதுமோ பகுதியோ இழந்த பிறகுதான். அதுவரை அது பெட்டியில் இருக்கும் காகிதம். கையெழுத்திட்ட எவரும் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் முடியும். நோயாளி நினைவோடு இருந்தும், அவரிடம் அபாயத்தை விளக்குவது உகந்ததல்ல என்று மருத்துவர் கருதினால், 1219ஆம் பிரிவின்படி நெருங்கிய உறவினரிடம் ஒப்புதல் கேட்பார்கள். அந்த உறவினர் பட்டியல் 1045ஆம் பிரிவில் இருக்கிறது: மணத்துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டிமார், பேரப்பிள்ளைகள். இணையர் அதில் இல்லை. மேலும் ஷாங்ஹாய் நோட்டரி அறிந்ததைச் சாங்ஷாவின் இரவுப் பணி மருத்துவரும் அறிந்திருப்பார் என்று சொல்ல முடியாது. அலைமகள் அவர்கள் முதலில் சொன்ன மேசை இங்கேயும் வருகிறது.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குடிமைச் சட்டத் தொகுப்பின் 366ஆம் பிரிவு முதல் 'குடியிருக்கும் உரிமை' என்ற புதிய உரிமை உண்டு. வீட்டுக்காரர் தன் இணையருக்கு அதை எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துவிட்டால், வீடு பின்னர் வேறு வாரிசுக்குப் போனாலும் இணையர் அங்கே தொடர்ந்து வாழலாம். எனக்குத் தெரிந்தவரை இதுவே இருப்பவற்றுள் உறுதியான ஏற்பாடு. ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை.

உயிலில்தான் ஒரு பொறி இருக்கிறது. சட்டப்படியான வாரிசுக்கு எழுதினால் அது வாரிசுரிமை. இணையருக்கு எழுதினால் சட்டம் அதை வெளியாருக்கான கொடையாகவே பார்க்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1124ஆம் பிரிவில் இருக்கிறது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் வழக்கு. அந்தப் பிரிவின்படி வாரிசின் மௌனம் மட்டுமே சம்மதம். கொடை பெறுபவரின் மௌனம் மறுப்பு. தனக்குக் கொடை எழுதப்பட்டிருப்பதை அறிந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் 'ஏற்கிறேன்' என்று அவர் தெரிவித்தாக வேண்டும்.

தேன்மொழி எழுதியது:

மிக்க நன்றி. ஒரே ஓர் ஐயம். அந்த 60 நாள் இறந்த நாளிலிருந்து கணக்கிடப்படாதா? உயில் எழுதியபோது இணையரும் உடனிருந்திருந்தால், அவர் அறிந்த நாள் எது?

பொருநைக்கரையான் எழுதியது:

அங்கேதான் வழக்குகள் எழுகின்றன. உயில் இறப்பின்போதுதான் நடைமுறைக்கு வருகிறது என்பதால், உள்ளடக்கத்தை முன்பே அறிந்தவருக்கு இறந்த நாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. இழவு வீட்டில் மூலையில் 'நண்பர்' என்று உட்கார வைக்கப்பட்டிருப்பவர், முப்பது நாள் காரியம் முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. அதே வாரத்தில் நோட்டரி அலுவலகத்துக்குப் போய், எழுத்தில் ஏற்றுக்கொண்டு, அதன் நகலைக் குடும்பத்தாருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும்.